ஜூலை மாதத்துக் குளிர்காலம்

மெக்சிகாலி
1994 ஜூன் 12

அன்புள்ள ஹெனாரோ,

உறையின் மேல் உன் அக்காவின் கையெழுத்தைப் பார்த்ததும் அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறியிருப்பாய். அப்பா உயிரோடு இருக்கிறார். நான் இதை எழுதும்போது எதிரில் உட்கார்ந்து, காபியில் சர்க்கரை போதவில்லை என்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

போன் செய்யாமல் எழுதுவதற்குக் காரணம் உனக்கே தெரியும். போனில் மூன்றாவது வாக்கியத்தில் நம்மில் ஒருவர் கத்துவார், மற்றவர் வைத்துவிடுவார். இரண்டு வருடங்களாக அதுதானே நடக்கிறது. கடிதத்தில் கத்தினாலும் சத்தம் கேட்காது.

போன வியாழக்கிழமை உச்சிவேளையில் அப்பா என்னிடம் சொல்லாமல் முடி வெட்டிக்கொள்ளக் கிளம்பிவிட்டார். கடைக்குப் பத்தடி முன்னால் சுவரில் சாய்ந்தவர் அப்படியே சரிந்திருக்கிறார். வியர்வை நின்று, தோல் காகிதம்போல் உலர்ந்திருந்ததாம். கடைக்காரரும், பாதி முடி வெட்டிய நிலையில் எழுந்து வந்த ஒரு புண்ணியவானும் உள்ளே தூக்கிப்போய் ஈரத்துண்டு போர்த்திக் காப்பாற்றினார்கள். அந்த மனிதர் யாரென்று தேடி நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அவர் தலையின் மறுபாதி இன்னும் அப்படியே இருந்தது.

டாக்டர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். "டீச்சர், ஜூனையே தாங்கல. ஆகஸ்ட்ட இவரு தாங்கவே மாட்டாரு. மலைக்கு அந்தப் பக்கம் சொந்தம்னு யாராவது இருக்காங்களா?"

இருக்கிறான் என்றேன்.

ஜூனுக்கும் ஆகஸ்டுக்கும் என்ன வித்தியாசம், இரண்டும் அதே நாற்பத்திரண்டு டிகிரிதானே என்று நீ கேட்கலாம். முப்பது வருடம் கடலோரத்தில் இருந்தவனுக்கு மறந்திருக்கும். ஜூனில் பகல் நாற்பத்திரண்டு, இரவு இருபத்திரண்டு. வீடு ராத்திரியில் மூச்சுவிடும். காற்று உலர்ந்திருப்பதால் ஈரவைக்கோல் கூலரும் வேலை செய்யும். ஆகஸ்டில் வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று ஏறி வந்துவிடும். இரவிலும் முப்பதுக்குக் கீழே இறங்காது. கூலர் வெறும் நனைந்த காற்றைத்தான் ஊதும். அடுப்பிலிருந்து இறக்கிய ரொட்டிக்கல்லை மூடி வைத்தால் என்ன ஆகும்? தொட்டுப்பார், மறுநாளும் சுடும். அதுதான் ஆகஸ்ட்.

அப்பாவை அக்டோபர் வரை உன்னிடம் வைத்துக்கொள்வாயா? என்னைக் கூப்பிடாதே. அம்மாவை அடக்கம் செய்த அன்று, "இந்த அடுப்பு மாதிரி ஊர்ல வச்சே அம்மாவக் கொன்னுட்டியேக்கா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாய். உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று அன்றே சொல்லிவிட்டேன். ஆனால் அது என் வைராக்கியம். அப்பாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எல்வீரா

~

என்செனாடா
1994 ஜூன் 17

அக்கா,

அனுப்பு.

இவ்வளவுதான் எழுதுவதாக இருந்தேன். உன் தம்பி பெண்டாட்டி நின்ஃபா கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டு, "இதென்ன தந்தியா? உக்காந்து ஒழுங்கா எழுதுய்யா" என்று என் முன்னால் காபியை வைத்துவிட்டாள். உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சொன்னதை எழுதினாய். நீ பதிலுக்குச் சொன்னதை எழுதவில்லையே. "ஓடிப்போனவனுக்கு வெயிலப் பத்திப் பேச என்னடா யோக்கியதை?" என்றாய். நான் ஓடிப்போகவில்லை. வேலை இங்கே இருந்தது, படகு எஞ்சின்கள் இங்கே இருந்தன. பாலைவனத்தில் நான் எந்தப் படகை ரிப்பேர் பண்ணுவது?

சரி, அதை விடு. பின்பக்க அறைக்கு வெள்ளை அடித்துவிட்டேன். கட்டிலை ஜன்னலுக்கு எதிரில் போட்டிருக்கிறேன், துறைமுகம் தெரியும். காலைப் பஸ்ஸில் ஏற்றிவிடு, மலைப்பாதையைப் பகலிலேயே தாண்டிவிடும். பஸ் நிலையத்தில் நானே நிற்பேன். அவருக்கு என்ன பிடிக்கும், என்ன ஆகாது என்று நின்ஃபா கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை. அதை அவளிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது.

ஹெனாரோ

~

மெக்சிகாலி
1994 ஜூன் 23

அன்புள்ள ஹெனாரோ,

இந்தக் கடிதம் அப்பாவின் சட்டைப்பையில் வருகிறது. வழியில் பிரித்துப் படிப்பார். அதனால் அவரைப் பற்றி நல்லதாகவே எழுதுகிறேன்.

விடியுமுன் எழுந்துவிடுவார், நின்ஃபா பயப்பட வேண்டாம். இங்கே கோடையில் எல்லா வேலையும் சூரியன் வருவதற்குள் முடிய வேண்டும், அந்தப் பழக்கம். மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை யாரிடமும் பேசமாட்டார். கோபமில்லை, அது வெயிலுக்கு ஒதுங்கும் நேரம். எலுமிச்சையும் உப்பும் இல்லாமல் எதுவும் இறங்காது. இரத்த அழுத்த மாத்திரை காலையில். டோமினோ ஆட்டத்தில் ஏமாற்றுவார், கண்டுகொள்ளாதே.

உங்கள் ஊரில் ஜனவரிக்கும் ஜூலைக்கும் நடுவில் ஐந்தாறு டிகிரிதான் வித்தியாசம். இங்கே குளிர்கால இரவு ஐந்து, கோடைப் பகல் நாற்பத்தைந்து. எண்பத்து நான்கு வருடமாக இந்த ஊஞ்சலில் ஆடியவரை அங்கே நாற்காலியில் உட்கார வைக்கிறோம். கொஞ்ச நாள் தலைசுற்றும். பொறுத்துக்கொள்.

அறைக்கு வெள்ளை அடித்தாயாமே. நன்றி. இதை எழுத எனக்குக் கஷ்டமாக இல்லை என்பது எனக்கே ஆச்சரியம்.

எல்வீரா

~

என்செனாடா
1994 ஜூலை 9

அக்கா,

அப்பா நன்றாக இருக்கிறார். ஜூலை மாதத்தில் என் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு திரிகிறார். தினமும் காலையில் பனிமூட்டத்தைப் பார்த்துவிட்டு நின்ஃபாவைக் கேட்கிறார், "ஏம்மா, சூரியன எங்க அடகு வச்சிருக்கீங்க?"

"மத்தியானம் திருப்பிடுவோம் மாமா," என்கிறாள் அவள்.

துறைமுகத்தில் அவருக்கு ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. கிழட்டு மீனவர்கள் மூன்று பேர். அவருக்குப் 'பாலைவனம்' என்று பேர் வைத்துவிட்டார்கள். "ஏய் பாலைவனம், அங்க கோழி அவிச்ச முட்டையா போடுமாமே?" என்று நேற்று ஒருவர் வம்புக்கு இழுத்தார். அப்பா டோமினோவிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "ஜூன்ல அரைவேக்காடு. ஆகஸ்ட்லதான் முழுசா அவியும்."

பஞ்சாலையில் அவர் எப்படி வேலை செய்தார், மூட்டை எவ்வளவு கனம், எந்த முதலாளி எப்படி, எல்லாம் சொல்கிறார். எனக்கு இதெல்லாம் தெரியாது அக்கா. சாப்பிடும்போது அவர் பேசப் பேச நான் எழுந்திருக்க மறந்துவிடுகிறேன். அனுப்பி வைத்ததற்கு நன்றி. நின்ஃபா சொல்லி எழுதவில்லை, நானேதான் எழுதுகிறேன்.

ஹெனாரோ

~

என்செனாடா
1994 ஜூலை 19

அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி.

அப்பாவுக்குச் சுடுதண்ணீர் பட்டுவிட்டது. வலது தோளும் கையின் மேற்பகுதியும் வெந்திருக்கின்றன. ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. முதலில் அதை எழுதிவிட்டேன்.

முந்தாநாள் பனிமூட்டம் இல்லை. காலையிலிருந்தே நல்ல வெயில். அப்பா கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு என் பட்டறைக்கு வந்தார். ஒரு பழைய எஞ்சினைப் பிரித்துத் தேய்க்க உதவி செய்தார். இங்கே வந்ததிலிருந்து அன்றுதான் வியர்த்தார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. "குளிச்சிட்டு வரேன்டா" என்று போனார். பிறகு அலறல்.

சுடுதண்ணீர்க் குழாயை முழுக்கத் திறந்து அதன் கீழே நின்றிருக்கிறார். எங்கள் வீட்டுக் கொதிகலன், என் கையிலிருக்கும் கிரீஸ் போக வேண்டும் என்று நான் உச்சத்தில் வைத்திருப்பது. மூன்று வாரமாக அதே குழாய்களில்தான் குளிக்கிறார். ஒரு நாளும் தப்பு நடக்கவில்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை.

"ஏம்பா சுடுதண்ணியத் திறந்தீங்க?" என்று கேட்டேன்.

"நான் பச்சத்தண்ணியத்தான் திறந்தேன்."

"அது சிவப்புப் புள்ளி வச்ச குழாய்ப்பா."

"ஆமா. சிவப்புதான் பச்சத்தண்ணி."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாள் டாக்டர் வந்தார். இளைஞர், பொறுமையானவர், குறை சொல்ல முடியாது. இது என்ன மாதம் என்று கேட்டார். ஜூலை என்றார் அப்பா. கோடையா, குளிர்காலமா? அப்பா ஜன்னலைப் பார்த்தார். வெளியே பனி.

"இன்னிக்குக் குளிர்காலம். நேத்துதான் கோடை," என்றார்.

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். என்னை வெளியே கூப்பிட்டு, மூளை தேயத் தொடங்கியிருக்கிறது என்றார். இனிமேல் தனியாக விடக்கூடாதாம். அடுப்பு, குழாய், தெரு எதிலும் நம்ப முடியாதாம். ஊருக்கு வெளியே கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஓர் இல்லம் இருக்கிறது, பூட்டிய கதவுக்குள் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்கிறார். ஓர் இடம்தான் காலியாம். இரண்டு பிள்ளைகளும் சம்மதித்தால் மாதக் கடைசியில் சேர்த்துவிடலாம்.

நான் என்ன சொல்லட்டும்? அவருக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிவப்புதான் பச்சைத்தண்ணீர் என்று அவர் சொன்னதை நானே காதால் கேட்டேனே. நின்ஃபா அழுதுகொண்டே இருக்கிறாள், தான் வீட்டில் இல்லாமல் மீன் சந்தைக்குப் போனதுதான் காரணமாம். நீ அனுப்பியபோது நன்றாக இருந்த மனிதரை மூன்று வாரத்தில் இப்படி ஆக்கிவிட்டேனே என்று எனக்கு. நீ என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. ஆனால் பதில் எழுது.

ஹெனாரோ

~

மெக்சிகாலி
1994 ஜூலை 21

என் அன்புத் தம்பி,

சம்மதிக்காதே. எதற்கும் தலையாட்டாதே. இந்தக் கடிதத்தை இன்று மாலைப் பஸ் ஓட்டுநரிடமே கொடுத்துவிடுகிறேன், தபாலை நான் நம்பவில்லை.

உன் கடிதத்தைப் படித்து முதலில் அழுதேன். 'சிவப்புதான் பச்சைத்தண்ணி' என்ற இடம் வந்ததும் சிரித்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து, "என்னாச்சு டீச்சர்?" என்றாள். படித்துக் காட்டினேன். அவளும் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, "ஐயோ பாவம், அங்க கொதிகலன அணைக்கவே மாட்டாங்களா?" என்றாள். பார், அவளுக்கு ஒரே வரியில் புரிந்துவிட்டது. இந்தத் தெருவில் யாரை நிறுத்திக் கேட்டாலும் புரியும்.

உனக்குப் புரியாததில் தப்பில்லை. நீ போனபோது நம் வீட்டில் வாளியும் சொம்பும்தான். கொதிகலன் வைத்தது நீ போய் ஆறு வருடம் கழித்து. அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

இங்கே குளிர்ந்த தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கூரைமேல் இருக்கும் தொட்டியிலிருந்து. மே பிறந்துவிட்டால் அந்தத் தொட்டி வெயிலில் காய்ந்து, குழாய் வழியாக வருவது கிட்டத்தட்ட கஷாயம். மதியத்தில் கை வைக்க முடியாது. ஆனால் கொதிகலன் எங்கே இருக்கிறது? வீட்டுக்குள், இருட்டு மூலையில். மே மாதத்தில் அதன் நெருப்பை அணைத்துவிடுவோம். ராத்திரி முழுக்க அதற்குள் நிற்கும் தண்ணீர் வீட்டின் நிழலில் ஆறிவிடும். ஆக, கோடை முழுவதும் எங்களுக்குச் சுடுதண்ணீர்க் குழாயில்தான் குளிர்ந்த தண்ணீர் வரும். அக்டோபர் கடைசியில் நெருப்பை மறுபடி பற்றவைப்போம். அன்றைக்குக் குழாய்கள் தத்தம் வேலைக்குத் திரும்பிவிடும். இந்த நகரமே இப்படித்தான். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. அதனால்தான் உனக்குச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. தண்ணீர் ஈரமாக இருக்கும், ஜாக்கிரதை என்று யாராவது எழுதி அனுப்புவோமா?

மூன்று வாரமாக ஏன் தப்பு நடக்கவில்லை என்று கேட்டாயே, அதுதான் அப்பாவின் மூளை ஒழுங்காக இருப்பதற்குச் சாட்சி. பனிமூட்டமும் கம்பளிக்கோட்டும் இருந்தவரை அவர் உடம்புக்கு அது குளிர்காலம். குளிர்காலத்தில் சிவப்பில் சுடுதண்ணீர். சரியாகத் திறந்தார், சரியாகக் குளித்தார். அன்று வெயில் அடித்தது, வியர்த்தது, கோடை வந்துவிட்டது. கோடையில் சிவப்பில் பச்சைத்தண்ணீர். இருபது வருடமாக அப்படித்தான். மறுநாள் டாக்டரிடம் சொன்னதும் அதேதான்: நேற்றுக் கோடை, இன்று குளிர்காலம். எங்களுக்குப் பருவம் காலண்டரில் இல்லை, தோலில் இருக்கிறது.

வகுப்பில் ஒருமுறை ஒரு பையனுக்குத் தவறுதலாக வேறொரு வகுப்பின் கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டார்கள். அவன் அதைப் படித்துப் பார்க்காமல், தான் எதிர்பார்த்து வந்த கேள்விகளுக்கு வரிசையாகச் சரியான விடை எழுதிவிட்டுப் போய்விட்டான். திருத்தியவர் பூஜ்யம் போட்டார். அந்தப் பூஜ்யத்தை நான் அடித்துவிட்டேன். அப்பாவுக்குப் போட்ட பூஜ்யத்தை இப்போது நீ அடிக்க வேண்டும். இந்தக் கடிதத்தை டாக்டரிடம் படித்துக் காட்டு. நம்பாவிட்டால் நம் ஊர்க்காரர் யாரையாவது தேடிப்பிடித்துக் கேட்கச் சொல்.

அவர் ஏன் இதை விளக்கிச் சொல்லவில்லை என்றால், தன் புத்தி தவறிவிட்டதோ என்று அவரே பயந்துபோயிருக்கிறார். முதலில் அவரிடம் போ. "அப்பா, மெக்சிகாலியில சிவப்புதான் பச்சத்தண்ணின்னு அக்கா எழுதியிருக்கா" என்று சொல். முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்து எனக்கு எழுது.

உன்னைத் திட்ட எனக்கு ஒன்றுமில்லை. நீ அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினாய், நின்ஃபா அவருக்காக அழுகிறாள். அதற்கு நான் உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்?

எல்வீரா

~

என்செனாடா
1994 ஜூலை 25

அக்கா,

சொன்னேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் மெதுவாகத் திரும்பினார். "அவ எழுதியிருக்காளா?" என்றார். காட்டினேன். எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். பிறகு நின்ஃபாவைக் கூப்பிட்டு, ஐந்து நாளைக்குப் பிறகு முதல் தடவையாகச் சாப்பாடு கேட்டார். நான் பட்டறைக்கு ஓடிவிட்டேன். என் முகத்தை யாரும் பார்க்கக்கூடாது என்று.

டாக்டர் கடிதத்தைத் தானே வாங்கிப் படித்தார். நடுவில் நிறுத்தி என்னைப் பார்த்தார், மறுபடி படித்தார். பிறகு அப்பாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அப்பாவின் பேரைச் சொல்லி மரியாதையாகக் கேட்டார்.

"தோன் காசிமிரோ, எங்க வீட்ல குளிக்கணும்னா எதத் திறப்பீங்க?"

"உங்க வீட்லயா? மொதல்ல ஒரு விரல நீட்டிப் பார்ப்பேன். இனிமே எவன் வீட்லயும் அப்படித்தான்."

டாக்டர் சிரித்துவிட்டார். கணக்கு, பேரன் பேத்தி பெயர், துறைமுகத்துக்கு வழி எல்லாம் கேட்டார். அப்பா எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, டோமினோவுக்கு வருகிறீர்களா என்று அவரையே கேட்டார். அவசரப்பட்டுவிட்டேன் என்று சொல்லி டாக்டர் எனக்குக் கைகொடுத்தார். கன்னியாஸ்திரீகளின் இடத்துக்குத் தானே போன் செய்து வேண்டாமென்று சொன்னார். நல்ல மனிதர் அக்கா. தன் வாயாலேயே தப்பென்று சொல்லத் தெரிந்தவர்.

புண் ஆற ஆறு வாரம் ஆகுமாம். கட்டு மாற்றும்போது அப்பா உன் பெயரைத்தான் சொல்கிறார். உன் வைராக்கியத்தை நான் மதிக்கிறேன். ஆனால் எங்கள் வாசலில் நாளைக்குச் சிமெண்ட் போடப்போகிறோம். பழைய வாசல் இருக்காது. புதிய வாசலைப் பற்றி நீ எதுவும் சொல்லவில்லையே.

பஸ் ஏறு அக்கா.

ஹெனாரோ

~

மெக்சிகாலி
1994 செப்டம்பர் 29

அன்புள்ள ஹெனாரோ, நின்ஃபா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். மலையிலிருந்து இறங்கும்போது பஸ்ஸின் ஜன்னல் வழியாக வெப்பம் முகத்தில் அறைந்தது. பழைய சொந்தக்காரன் கன்னத்தைக் கிள்ளுகிற மாதிரி. முப்பத்தெட்டு டிகிரி. ஆனால் காற்று உலர்ந்துவிட்டது, ஆகஸ்ட் முடிந்தது. நான் வேலை பார்த்த முப்பது வருடத்திலும் சரி, அதற்குப் பிறகும் சரி, ஆகஸ்ட் இல்லாத ஒரு வருடத்தை நான் இதுவரை வாழ்ந்ததில்லை. உங்கள் தயவில் வாழ்ந்துவிட்டேன்.

நின்ஃபா, அப்பாவின் தோளில் நீ கற்றாழை தடவிய விதத்தை நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெற்ற மகளுக்குக்கூட அந்தப் பொறுமை வராது. எனக்கு வரவில்லை, அதனால் சொல்கிறேன்.

ஹெனாரோ, அலைத்தடுப்புக் கல்லில் உட்கார்ந்து நீ அம்மாவைப் பற்றிக் கேட்டதையும் நான் சொன்னதையும் மறுபடி எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு ஜூனிலும் நான் அவளைக் கெஞ்சினேன் என்பதை நீ நம்பினாய். வீட்டை விட்டு வரமாட்டேன் என்று அவள் சொன்னதை, அவள் குரலிலேயே நீ சொல்லிக் காட்டினாய். இருவரும் சிரித்தோம். எனக்கு அது போதும்.

அக்டோபர் கடைசியில் அப்பாவை அழைத்துவருவதாகச் சொன்னாய். இரவு பதினெட்டு டிகிரிக்கு இறங்கியதும் சொல்கிறேன். அந்த ஒரு நாள் எப்படியிருக்கும் தெரியுமா? தெரு முழுக்க ஜன்னல்கள் திறக்கும். மே மாதத்திலிருந்து அடைத்துக் கிடந்த வீடுகளிலிருந்து ரேடியோ, குழம்பு வாசனை, புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாம் ஒரேயடியாக வெளியே வரும். அன்றைக்கு நீ இங்கே இருக்க வேண்டும்.

எல்வீரா

~

என்செனாடா
1994 டிசம்பர் 4

அக்கா,

அப்பாவை இறக்கிவிட்டுத் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. இறந்தவர்கள் தினத்தில் நாம் மூவரும் அம்மாவின் கல்லறையைக் கழுவியதும், சாமந்தியைப் பரப்பிவிட்டு அப்பா அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டதும், இளவெயில் முதுகில் விழுந்ததும் அப்படியே இருக்கிறது. நான் வளர்ந்த ஊரில் இப்படி ஒரு நவம்பர் இருந்தது என்பதையே மறந்துபோயிருந்தேன். எனக்கு அதன் ஆகஸ்ட் மட்டும்தான் ஞாபகம் இருந்தது. முப்பது வருடமாக அந்த ஒரு மாதத்தை வைத்தே ஊரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. துறைமுகத்தில் கிழவர்கள் மூன்று பேராக டோமினோ ஆடுகிறார்கள், நாலாவது ஆள் இல்லாமல் ஆட்டம் சரியில்லையாம். நேற்று ஒருவர் பட்டறைக்கே வந்துவிட்டார். "உங்க பாலைவனம் எப்பய்யா வரும்?"

"அங்க சூடு ஏறணும் பெரியவரே."

"எப்ப ஏறும்?"

"மே மாசம்."

"அவ்வளவு நாளாகுமா?" என்று அலுத்துக்கொண்டே போனார்.

நின்ஃபா மூன்று கோப்பையில் காபி ஊற்றிவிட்டு, ஒன்றைத் திரும்பக் கெட்டிலில் ஊற்றுகிறாள். பின்பக்க அறையில் இரண்டாவது கட்டிலும் போட்டுவிட்டேன், உனக்காக. வானொலியில் வானிலை சொல்லும்போது முன்பெல்லாம் அலைகளை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடுவேன். இப்போது மெக்சிகாலி வரும்வரை இருக்கிறேன். நேற்று இரவு ஆறு டிகிரி என்றார்கள்.

உங்கள் ஊர் சுட வேண்டும் என்று காத்திருக்கும் மனிதன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் அக்கா. சீக்கிரம் சுடட்டும்.

உன் தம்பி,
ஹெனாரோ